பஸ் மாறி ஏறின 'தீவான்'

இண்டைக்கு ஊர்காவற்றுறை பஸ்ஸிலை வரேக்கை முன் சீற்றிலை ரவுண் பக்கத்துக் கொக்குவில் பெடியள் ரெண்டு பேர். நயினாதீவுக்கு வெளிக்கிட்டவை, வள்ளம் எடுக்கிற குறிகட்டுவானுக்குப் போற பஸ் எண்டு நினைச்சு இதிலை ஏறிட்டினம். அல்லைப்பிட்டி தாண்டித்தான் விளங்கினது.

ஒருத்தன் மற்றவனைப் பேசினான்: "சரியான தீவானடா நீ. பஸ் பாத்து ஏறத் தெரியாதோ?"

பஸ் முழுக்கத் தீவு ஆக்கள். கதைச்சுக்கொண்டு வந்த சனம் முன் சீற்றை எட்டிப் பாத்துது.

பக்கத்திலை இருந்த, சரவணை ஊர் அக்கா ஒராள் கேட்டா: "தீவான் எண்டால் ஆர் தம்பி?"

"மொக்கன், அக்கா. ஒண்டும் தெரியாதவன்." கள்ளமில்லாமல்தான் சொன்னான்.

"அப்ப இந்த பஸ்ஸிலை உங்கள் ரெண்டு பேரையும் தவிர எல்லாரும் மொக்கர்தான்."

பெடியன்ரை முகம் செத்துப்போச்சு. "சத்தியமா எனக்குத் தெரியாது அக்கா. அப்பா வீட்டிலை என்னை அப்பிடித்தான் பேசுறவர்."

ரவுண் பள்ளிக்கூடத்திலை, தீவு ஆக்களை இளக்காரமாச் சொல்லுற இந்தச் சொல்லுக்குப் பயந்து என்ரை அம்மா ஊர்ப்பேரை மறைச்சவ. இந்தப் பெடியளுக்குச் சொல்லிலை இருந்த தீவு மறந்துபோச்சு, ஏச்சு மட்டும் மிஞ்சியிருக்கு. பேயன், மொக்கன் எல்லாம் முந்தி ஆரைச் சொன்னதோ? தெரிஞ்சாக்கள் சொல்லுங்கோ.

கண்டக்டர் அவையளை வங்களாவடிச் சந்தியிலை இறக்கி, குறிகட்டுவான் பஸ் நிக்கிற இடத்தைக் காட்டிவிட்டார்.

ஒண்டு மட்டும் எனக்கு வடிவாத் தெரியும். தீவான் ஒருத்தனும் இந்த பஸ்ஸிலை மாறி ஏறமாட்டான்.