ஏரோப்ளேனில் போன கூறைப்புடவை

எனக்கு வயது எண்பத்தெட்டு. பெற்றது ஆறு, வளர்த்தது ஒன்பது. ஒன்றையும் கண்ணுக்கு மறைய விட்டதில்லை. ஆனால் எட்டு வயதில் என்னை ஒரு ஏரோப்ளேனுக்குக் காவல் வைத்தார்கள், அதில்தான் கோட்டை விட்டேன்.

அது உலகச் சண்டைக் காலம். ஏரோப்ளேன் ஓட்டப் பழகுகிற பையன்கள் எங்கள் ஊருக்கு மேலே வட்டம் போடுவார்கள். ஒருநாள் காலை, அதில் ஒன்று இரண்டு தடவை இருமியது. பிறகு சத்தமே இல்லாமல் இறங்கி, அறுப்பு முடிந்த எங்கள் வரகுக் கொல்லையில் குதித்துக் குதித்து நின்றது. இறங்கின பையனுக்குத் தமிழ் தெரியாது. தந்தி அடிக்கவேண்டும் என்று விரலால் தட்டிக் காட்டினான். அப்பா வண்டி பூட்டி அவனை அரியலூர் ஸ்டேஷனுக்கு ஏற்றிக்கொண்டு போனார்.

போகும்போது என்னிடம், "யாரையும் தொட வுடாத. ஏதாச்சும் ஆச்சுன்னா என்னத்தான் புடிச்சிட்டுப் போவாங்க" என்றார்.

ஊரே வந்தது. மணியக்காரரைக்கூட நான் கிட்டே விடவில்லை. வெயில் ஏறியது. என் கன்றுக்குட்டி நிழலில்லாமல் தவித்தது. இறக்கைக்குக் கீழே நல்ல நிழல் இருந்ததால் அங்கே கொண்டுபோய்க் கட்டினேன். தண்ணீர் குடித்துவிட்டு வந்தால், கன்று இறக்கையை மென்றுகொண்டிருக்கிறது. தகரம் என்று நினைத்திருந்தேன். அது துணி. மேலே தடவியிருந்த பூச்சு அதற்கு ருசித்திருக்கிறது. இரண்டு கை அகலத்துக்கு ஓட்டை.

அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே என்று அழுதுகொண்டே அத்தையிடம் ஓடினேன். அத்தை அப்பாவின் தங்கை. கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் சிரித்து நான் பார்த்ததில்லை. புளியங்கொட்டைப் பசை காய்ச்சினாள். பெட்டியைத் திறந்து சிவப்புப் பட்டுத்துணியை எடுத்து டர்ரென்று கிழித்தாள்.

"அத்த, இது ஒன் கூறப்பொடவையாச்சே?"

"பொட்டிக்குள்ளயே கெடந்து என்னத்தக் கண்டுச்சு? இதாச்சும் நாலு ஊரு பாக்கட்டும்."

அந்தத் துண்டை ஓட்டைமேல் ஒட்டிவிட்டாள். மறுநாள் அந்தப் பையனோடு மெக்கானிக் ஒருவர் வந்தார். தமிழ்க்காரர். பெட்ரோல் குழாயில் அடைத்திருந்த அழுக்கை எடுத்தார். பிறகு இறக்கையைப் பார்த்தார். நான் அப்பாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் விரலால் சுண்டிப் பார்த்தார்.

"இத யாரு ஒட்டுனது? எங்க ஆளுங்களே இவ்ளோ சுத்தமா ஒட்ட மாட்டாங்க."

"கன்னுக்குட்டி தின்னுச்சு, நான் ஒட்டுனேன்" என்றாள் அத்தை.

அவர் சிரித்துக்கொண்டே அதன் மேல் வாழைப்பழ வாசம் அடிக்கிற எதையோ பூசிக் காயவிட்டார்.

ஏரோப்ளேன் கிளம்பியது. சிவப்புத் துண்டு பளபளவென்று மேலே ஏறியது. அத்தை கொல்லையின் கடைசிவரை கூடவே ஓடினாள், வாய்விட்டுச் சிரித்துக்கொண்டு. சத்தம் அடங்கின பிறகும் அண்ணாந்தபடி நின்றாள். அதுதான் போய்விட்டதே, இன்னும் எதைப் பார்க்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. பசிக்கிறது என்று முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

கண்ணு, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை ஒரு தடவை படித்துக் காட்டு. எழுத்து கோணலாக இருந்தால் இருக்கட்டும். நாலு ஊர் பார்க்கட்டும் என்று அத்தை சொல்கிற இடத்தை மட்டும் உரக்கப் படி.