ஆறு, நாலு, மூணு... அப்புறம் ஒரு கீறல்

இது எனக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பேய் என்றால் ராத்திரியில்தான் வரும், புகை கிளம்பும், நாய் ஊளையிடும் என்று காத்திருப்பவர்கள் இப்போதே எழுந்து போகலாம். நான் டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். முப்பது வருஷமாகத் தகரத்தோடு மல்லுக்கட்டுகிறவன். எனக்குக் கதை கட்டத் தெரியாது. கோபப்படத்தான் தெரியும்.

அன்றைக்குக் கோபம் என் தம்பி மேல். பார்த்துக்கொண்டிருந்த டிரைவர் வேலையை விட்டுவிட்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், அரதப்பழசான ஒரு பிக்கப் வண்டியை வாங்கிவந்து என் பட்டறைக்குள் நிறுத்தினான். இனிமேல் சொந்தமாகச் சரக்கு ஓட்டப் போகிறானாம். மறுநாள் காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வண்டியைப் பார்க்க வருகிறார். வண்டியின் அடிச்சட்டத்தில் குத்திய சேசிஸ் நம்பரும் பதிவுப் புத்தகத்தில் உள்ள நம்பரும் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் திருட்டு வண்டி என்று பிடித்துக்கொண்டு போவார்கள், வண்டியோடு தம்பியையும் சேர்த்து. அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

"நம்பரைத் தேச்சுப் பாத்தியா?"

"கதவுல தகடு இருக்குண்ணே. புக்குல உள்ளதும் அதுவும் ஒண்ணுதான்."

தகடாம் தகடு! தகட்டை யார் வேண்டுமானாலும் அடித்து மாட்டலாம். அந்த வண்டியைச் செய்த கம்பெனியின் நம்பரில் முதல் இரண்டு எண் வருஷம், மூன்றாவது எண் எந்தத் தொழிற்சாலை என்பது, கடைசி நாலும் வரிசை எண். தகட்டின்படி இது எழுபத்தொன்றில் செய்த வண்டி. ஆனால் எழுபத்தொன்றில் வந்ததற்கு முன்கண்ணாடி ஒரே துண்டாக இருக்கும். இதற்கு இரண்டு துண்டு, நடுவில் கம்பி. தகட்டைப் பிடித்திருந்த ஆணிகளோ நேற்று அடித்தவை மாதிரி பளபளத்தன. எனக்கு ரத்தம் கொதித்தது. விற்ற ஆள் என் தம்பியை நன்றாக இளிச்சவாயன் ஆக்கியிருக்கிறான்.

அசல் நம்பரை வலது முன்சக்கரத்துக்கு மேலே, சட்டத்தின் உள்பக்கத்தில் குத்தியிருப்பார்கள். ஜாக்கி ஏற்றி, ஸ்டாண்டு கொடுத்து, சக்கரத்தைக் கழற்றினோம். நினைத்தது சரி. அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் பட்டி பூசிப் பெயிண்ட் அடித்திருந்தது. பெயிண்டைக் கரைக்கத் தின்னர் வாங்கிவரச் சொல்லித் தம்பியை விரட்டினேன். அப்போது மணி 2.40. பட்டறையில் நான் மட்டும். அடியில் மல்லாந்து படுத்துச் சுரண்ட ஆரம்பித்தேன்.

2.52.

டொக்... டொக்... டொக்...

சட்டத்தின் பின்முனையில் யாரோ சுத்தியலால் தட்டினார்கள். இவன் பாதி வழியில் திரும்பிவிட்டான் போலிருக்கிறது. நான் அடியில் படுத்திருக்கும்போது மேலே தட்டி வெறுப்பேற்றுவது சின்ன வயசிலிருந்தே அவனுக்குப் பழக்கம். இன்றைக்கு ஒரு தட்டுக்கு ஓர் அறை என்று முடிவு செய்தேன். கணக்குத் தப்பக் கூடாது என்று பாக்கெட்டில் இருந்த சாக்பீஸை எடுத்துத் தரையில் எழுதினேன்.

ஆறு. கொஞ்சம் நிறுத்தம். நாலு. நிறுத்தம். மூணு.

பிறகு... கர்ர்ர்ர்.

ஆணியால் இரும்பைக் கீறுகிற சத்தம். இதற்கு எத்தனை அறை? தெரியாமல் ஒரு சுழி போட்டுவைத்தேன். திரும்பவும் தட்டல். அஞ்சு. ரெண்டு. ஏழு.

"டேய், வெளிய வந்தேன்னா தோலை உரிச்சிருவேன்."

மறுபடி முதலிலிருந்து. ஆறு... நாலு... மூணு... கீறல். இந்த முறை மெல்ல. கை ஓய்ந்துபோனவன் தட்டுவது மாதிரி.

தலையைத் திருப்பிப் பார்த்தேன். வண்டிக்கு அடியில் படுத்திருப்பவனுக்குச் சுற்றி நிற்பவர்களின் கால்கள் தெரியும்.

ஒரு காலும் இல்லை.

3.05. தட்டல் நகர்ந்து வந்தது. என் முழங்காலுக்கு மேலே... வயிற்றுக்கு மேலே...

நெஞ்சுக்கு நேர் மேலே. டொக்.

பட்டி ஒரே துண்டாகப் பெயர்ந்து என் முகத்தில் விழுந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். சட்டத்தில் குத்திய எண்கள்.

6 4 3 0 5 2 7.

தரையைப் பார்த்தேன்.

ஆறு. நாலு. மூணு. சுழி...

அப்போதுதான் வாசலில் செருப்புச் சத்தம். கையில் தின்னர் டப்பாவோடு தம்பி. பக்கத்துக் கடை பூட்டியிருந்ததாம், மூன்று தெரு தள்ளிப் போய் வாங்கி வந்தானாம். நான் எப்படி வெளியே வந்தேன் என்று எனக்கே தெரியாது. முழங்கை இரண்டும் தோல் உரிந்திருந்தது. பயத்தை வெளியே காட்ட வெட்கம், அதனால் அதுவும் கோபமாகத்தான் வந்தது. நம்பர் மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பிரிண்ட் எடுத்துக்கொண்டேன். தம்பியை இழுத்துக்கொண்டு விற்ற ஆள் வீட்டுக்குப் போனேன்.

சோடாபுட்டிக் கண்ணாடி போட்ட கிழவர். வாயில் வந்ததையெல்லாம் கொட்டினேன். போலீஸுக்குப் போவேன் என்றேன். உள்ளே போனார், தம்பியிடம் வாங்கிய பணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்தார். தம்பி தப்பித்தான். கிளம்பலாம் என்று திரும்பினேன்.

"எத்தன தடவ தட்டினான்?"

சட்டென்று அவர் பக்கம் திரும்பினேன். அவரே சொன்னார்.

"வண்டி என் தம்பியோடதுங்க. அவன் அடியில படுத்து நம்பரத் தட்டுவான். நான் வெளிய உக்காந்து எழுதிக்குவேன். எந்த வண்டின்னாலும் அப்படித்தான். பூஜ்யம்னா ஒரு கீறல்."

கடைசி நாளன்று இருவருக்கும் பெரிய சண்டையாம். வண்டியை விற்கவேண்டும் என்று இவர், முடியாது என்று அவன். ஒருவழியாக அவன் இறங்கிவந்து, நம்பர் எடுக்க அடியில் படுத்திருக்கிறான். இவருக்குக் கோபம் ஆறவில்லை, பேனாவை வீசிவிட்டு எழுந்து போய்விட்டார். ஜாக்கி சரிந்தது அவருக்குத் தெரியாது. தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டதாம். அதே நம்பர். திரும்பத் திரும்ப.

"எழுதச் சொல்லி அடம்பிடிக்கிறான்னு நெனச்சேன். சத்தம் தாங்காம கதவச் சாத்திட்டேன். சாயங்காலம் தெறந்தப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு. அந்த நம்பர் என் கண்ணுல படவே கூடாதுன்னு பட்டி பூசினேன். வேற வண்டி புக்கு, வேற தகடு."

ஆத்திரம் எனக்கு உச்சந்தலைக்கு ஏறியது. கூடப்பிறந்தவன் நசுங்கிக் கிடக்கிறான், சாயங்காலம் வரைக்கும் ஒரு தடவைகூடவா கத்தியிருக்க மாட்டான், உன் காதில் விழவில்லையா என்று அவர் சட்டையைப் பிடித்து உலுக்கினேன்.

அவர் என் கையை விலக்கவில்லை.

"எப்படிங்க கத்துவான்? பொறந்ததுலேருந்தே அவனுக்குப் பேச்சு வராது."