யாராவது முழுதாகப் படிக்கட்டும் என்று வேண்டினேன்

நடந்தவை இவை:

1. ஆடி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அப்பா வலியில் சுருண்டு விழுந்தார். வேலூரில் சேர்த்தோம். பித்தப்பையில் கல், ஆபரேஷன் வேண்டும் என்றார்கள்.
2. காப்பீட்டு அனுமதிக்கு ஆன்லைனில் நானே விண்ணப்பித்தேன். இருபது நிமிடத்தில் நிராகரித்தார்கள். பாலிசி எடுப்பதற்கு முன்பே, பத்து வருடமாக வயிற்று வலி இருந்ததாம்.
3. ஆன்லைனிலேயே மேல்முறையீடு செய்தேன். அதே பதில்.
4. வலி அடங்கியதும் மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். மறுபடி வந்தால் ஆபத்து என்றார் டாக்டர்.

இப்படி விண்ணப்பங்களை ஏற்கவோ நிராகரிக்கவோ செய்யும் மென்பொருளைச் சோதிப்பதுதான் என் வேலை. காகிதம் தாமதம், கணினி சரி என்று நம்பியவள் நான். அதனால் யாரைத் திட்டுவது என்றுகூடத் தெரியவில்லை.

அந்தப் பத்து வருடம் அப்பா வாயிலிருந்து வந்ததுதான். சேர்க்கும்போது எத்தனை நாளாக வலி என்று கேட்டார்கள். "வலி பத்து வருசமா கீதுங்க" என்றார். தறியில் குனிந்து நெய்யும்போது முன்கட்டை வயிற்றில் அழுத்தும் வலி அது. எங்கள் ஆரணியில் நெய்கிறவர்கள் அதை நோயாக எண்ணுவதில்லை. பக்கத்தில் நின்ற எனக்கும் திருத்தத் தோன்றவில்லை. விண்ணப்பத்தில் அந்த ஒரு வரிதான் ஏறியது.

"கம்ப்யூட்டர் கிட்டயே பேசிகினு கீறியே, ஒரு ஆள் கிட்ட போய்ப் பேசேன்" என்றார் அம்மா.

ஆஸ்பத்திரியில் கையால் எழுதிய குறிப்புகள் மொத்தத்தையும் நகலெடுத்து, காப்பீட்டு நிறுவனத்தின் வேலூர் கிளை அலுவலகத்தில் இருந்த ஊழியரிடம் கொடுத்தேன்.

"பேப்பர்னா லேட் ஆகும் மேடம்."

"ஆகட்டும்ங்க. யாராவது படிப்பாங்களா?"

அவர் காகிதங்களை வாங்கி முத்திரை குத்தினார்.

மூன்று வாரம். அப்பா கஞ்சிக்கு மேல் எதையும் சாப்பிடப் பயந்தார். நான் தினமும் வேலை முடிந்து எங்கள் தெரு அம்மன் முன்னால் போய் உட்கார்ந்தேன். அழக்கூடத் தெம்பில்லை. அதிகம் கேட்கவும் இல்லை. "தாயே, ஒரே ஒருவர் அதை முழுதாகப் படிக்கட்டும்." அவ்வளவுதான்.

ஒரு வியாழக்கிழமை போன் வந்தது. காப்பீட்டுக் கோப்புகளைப் பார்க்கும் பெண் டாக்டர். அப்பாவிடம் பேச வேண்டும் என்றார். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஐயா, பழைய வலி தொப்புள் கிட்ட, புது வலி வலப்பக்கம்னு டூட்டி டாக்டர் எழுதியிருக்கார். ரெண்டும் ஒண்ணா?"

"இல்லம்மா. அது தறிக்கட்டை இடிக்கிற வலி. எழுந்து நின்னா போயிடும். இது முதுகு வரைக்கும் இழுக்குது."

"இதை முதல்லயே சொல்லக் கூடாதா?"

"யாரும் கேக்கலியேம்மா."

டாக்டர் சிரித்துவிட்டார். மறுநாள் அனுமதி வந்தது.

கணினி பொய் சொல்லவில்லை. கொடுத்த ஒரு வரியைப் படித்தது. காகிதம் மெதுவாகத்தான் போனது. ஆனால் பக்கத்தைப் புரட்ட ஒரு கை இருந்தது. அந்தக் கையை அங்கே வைத்தவள் அம்மன் என்று நம்புகிறேன். இப்போதெல்லாம் வேலையில் நிராகரிப்பு ஒன்றைப் பார்த்தால், அதற்குப் பின்னால் கிடக்கும் ஆளை நினைக்கிறேன். ஒருவர் படித்துப் பார்த்த பிறகே நிராகரிக்க வேண்டும் என்று மேலதிகாரியிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன்.

நிராகரிப்புக் கடிதத்தோடு சோர்ந்திருப்பவர்களே, காகிதங்களை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். போகும் முன் அம்மனிடம் சொல்லிவிட்டுப் போங்கள். கேட்பாள்.

அப்பாவுக்கு ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம் ஆகிறது. இட்லி சாப்பிடுகிறார். தறியில் உட்கார டாக்டர் இன்னும் அனுமதிக்கவில்லை. மேலதிகாரியிடமிருந்து பதில் வரவில்லை. எனக்குக் களைப்பு இன்னும் தீரவில்லை, ஆனால் தூக்கம் வருகிறது.