வல்லூறுக்காகத் தைத்த சேணம்

தனசேகர் காலமான செய்தி எங்கள் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில், தண்ணீர் லாரி தாமதமாகும் என்ற அறிவிப்புக்கும் லிஃப்ட் பழுது என்ற அறிவிப்புக்கும் நடுவே வந்தது. கைகூப்பும் படங்கள் மூன்றுக்கும் பொதுவாகக் குவிந்தன. பிறகு ஒருவர் கேட்டார்: "மரத்துலேர்ந்து விழுந்துட்டாரா?"

இல்லை. மாரடைப்பு. வீட்டு நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். விழுவதற்குத் திருமுல்லைவாயிலில் எங்கள் வளாகத்துக்குள் இப்போது மரம் ஏதும் இல்லை என்பதைக் கேட்டவர் மறந்திருக்கலாம். இருந்த ஒரே மரத்தை வெட்டக் கைதூக்கியவர்களில் கேட்டவரும் உண்டு.

உங்களில் பலர் தனசேகரைக் கீழிருந்து மட்டுமே பார்த்திருப்பீர்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் உதிரிபாகங்களைக் கடைசியாகச் சோதித்து அனுப்பும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எனக்கு எதிர்வீடு. பின்புறத் தூங்குமூஞ்சி மரத்தை வெட்டிவிட்டுக் கார் நிறுத்தலாம் என்று சங்கம் பேசத் தொடங்கியபோது, "அதுல வல்லூறு கூடு கட்டிகீது" என்றார். யாரும் நம்பவில்லை. காக்கைக் கூடு என்றார் செயலாளர். ஆதாரம் வேண்டும், ஆதாரமோ மூன்று மாடி உயரத்தில் இருந்தது.

வெளிநாட்டில் மான் வேட்டைக்காரர்கள் மரத்தில் சேணம் என்ற பட்டை இருக்கையைக் கட்டி அதில் உட்கார்ந்து காத்திருக்கும் காணொளியை அவர் எங்கோ பார்த்திருந்தார். "அவன் மானுக்கு குந்திகினு கீறான், நான் வல்லூறுக்கு குந்தப்போறேன். அவன் கையில துப்பாக்கி, என் கையில கேமரா. அவ்ளோதான் மாமே வித்தியாசம்." பழைய கார் உடைக்கும் கடையில் சீட் பெல்ட்டுகளை வாங்கிக்கொண்டு, பூந்தமல்லியில் கார்களுக்கு இருக்கை உறை தைக்கும் யூசுப் பாயிடம் என்னையும் அழைத்துப்போனார்.

"காரு எங்க சார்? அளவு எடுக்கணும்" என்றார் பாய்.

"காரு இல்ல பாய். என் இடுப்ப அள."

பாய் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"எத்தினியோ வண்டிக்கு தச்சிகீறேன். மனுசனுக்கு இப்பதான் தைக்கிறேன்" என்று சொல்லி, பட்டைகளை அடுக்கி, குறுக்கும் நெடுக்குமாக நான்கு முறை தையல் ஓட்டிக் கொடுத்தார்.

தொட்டில்போல ஓர் இருக்கை. அதன் இரு முனைகளையும் இணைக்கும் கயிறு. அதை மரத்தோடு பிணைக்க இன்னொரு கயிறு. பாரம் ஏறினால் இறுகிக்கொள்ளும் முடிச்சு. தான் உட்காரும் முன் வாகன நிறுத்தத்தின் உத்தரத்தில் அதைக் கட்டி, தண்ணீர் கேன்களை ஏற்றி ஒரு பகல் முழுக்கத் தொங்கவிட்டார். சிலர் அதை ஊஞ்சல் என்று நினைத்துக் குழந்தைகளை அழைத்து வந்தார்கள். மாலையில் ஒவ்வொரு தையலையும் விரலால் தடவிவிட்டு, "பாஸ்" என்று உரக்கச் சொன்னார். அருகில் யாரும் இல்லை. "செக் பண்ணா சொல்லணும். சொல்லாத செக்கிங் இன்னா செக்கிங்கு?" என்பார்.

கூட்டுக்கு எட்டத்தில், எதிர்க்கிளையோரம் தொங்கியபடி படம் எடுத்தார். மஞ்சள் கண், கோடுபோட்ட மார்பு, அடியில் வெண்பஞ்சாக மூன்று குஞ்சுகள். சங்கக் கூட்டத்தில் அதைக் காட்டியபோது எல்லோரும் கைதட்டினார்கள். பலர் அதைத் தம் முகப்புப் படமாக்கிக்கொண்டார்கள். குஞ்சுகள் பறக்கும் வரை மரத்தைத் தொடுவதில்லை என்று தீர்மானம் நிறைவேறியது. அந்தத் தீர்மானத்தில் 'வரை' என்ற சொல்லை நாங்கள் இருவருமே கவனிக்கவில்லை.

அதன்பின் காலைதோறும் சேணத்தில் ஏறினார். ஒருநாள் மேலேயிருந்தபடியே குழுவில் எழுதினார்: "மூன்றும் நல்லபடியாகப் பறந்துவிட்டன. கூடு காலி." செயலாளர் கட்டைவிரலை உயர்த்தினார். மறுநாள் காலை இயந்திர ரம்பத்தோடு ஆட்கள் வந்தார்கள்.

"வாக்கு காப்பாத்திட்டோம் சார். ஒரு குஞ்சுக்கும் ஒண்ணும் ஆகல" என்றார் செயலாளர். அவர் பொய் சொல்லவில்லை.

மரம் விழுந்து முடியும் வரை தனசேகர் அங்கேயே நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "பாஸ் பண்ணி அனுப்புனதே நான்தான் மாமே" என்றார். இப்போது அங்கே ஐந்து கார்கள் நிற்கின்றன. வெயிலில் சூடேறுகிறது என்று தகரக் கூரை போடப் பேச்சு நடக்கிறது.

இந்த ஆண்டு ஒரு காலை, ஸ்கூட்டரில் என்னை ஏற்றிக்கொண்டு வெகுதூரம் போனார். சாலையோரம் நிறுத்தி, கைநீட்டாமல், தாடையால் மட்டும் ஒரு மரத்தைக் காட்டினார். உச்சியில் சுள்ளிக் கூடு. மேலே வல்லூறின் கிறீச்சிடும் குரல். கேமராவை வெளியே எடுக்கவே இல்லை.

"யார்கிட்டயும் சொல்லாத. உங்க ஊட்லகூட."

சோதித்ததைச் சொல்லியே பழகிய மனிதர், அன்று திரும்பும் வழியெல்லாம் ஒன்றும் பேசவில்லை.

சென்ற வாரம் தனியாகப் போய்ப் பார்த்தேன். அந்த மரத்தைச் சுற்றி மனைக்கற்கள் நட்டிருக்கிறார்கள். நான் வாய்மூடி இருப்பதால் அது பிழைத்துவிடும் என்று நம்பும் வயது எனக்கில்லை. தனசேகரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அது நிற்கும் இடம். கூட்டில் குஞ்சு இருந்ததா, பறந்துவிட்டதா என்று கேட்காதீர்கள். கீழே நின்று பார்த்தவன் நான், சொல்லமாட்டேன்.