‘மத்ததெல்லாம்’ என்று எழுதிய வரி

“பொண்ணுதான். நேத்தோட மூணு மாசம் எட்டு நாள். மூக்கு மட்டும் எங்க வூட்டு மூக்கு.”

நோணாங்குப்பம் படகுத்துறையில் டிக்கெட்டைக் கிழித்தபடியே சக்கரபாணி சொன்னார். வரிசையில் நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“யோவ், உன்ன யாருய்யா கேட்டா?” என்றார் படகோட்டி இராமதாஸ்.

“கேக்க மறந்துட்டாங்க. அதுக்காக சொல்லாம வுட முடியுமா?”

பேத்தியை விட்டால் அவருக்குப் பேச்சு, அவளைப் பெற்ற கார்குழலிதான். காலாப்பட்டுக் கல்லூரிக்குப் பஸ்ஸில் போய்ப் படித்தவள். இப்போது முதலியார்பேட்டை வீட்டு மாடியறையில் உட்கார்ந்து சென்னைக் கம்பெனிக்குப் போன் ஆப் எழுதுகிறாள். கம்ப்யூட்டரோடு சத்தமாகச் சண்டை போடுவாள். அவள் அம்மா செல்வாம்பாள், மாப்பிள்ளையோடுதான் சண்டை என்று நினைத்து இரண்டு முறை மாடியேறிச் சமாதானம் பேசியிருக்கிறாள்.

குழந்தைக்காகவும் கார்குழலி ஓர் ஆப் எழுதினாள். பால், தூக்கம், மருந்து, எதுவானாலும் செய்தவர் போனில் அமுக்கிவிட வேண்டும். மற்றவர்கள் பட்டியலைப் பார்த்துக்கொள்வார்கள். ஐந்தாவதோடு பள்ளியை விட்ட சக்கரபாணிக்கு அதைத் தொடவே பயம். ஆனாலும் பழகிக்கொண்டார்.

நேற்று அவருக்கு விடுமுறை. காலையில் குழந்தைக்குத் தடுப்பூசி. காய்ச்சல் வந்தால் சொட்டு மருந்து, அடுத்த தடவைக்கு ஆறு மணி நேர இடைவெளி வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மகள் மீட்டிங்கில் இருந்தபோது குழந்தைக்கு உடம்பு சுட்டது. பன்னிரண்டு மணிக்கு மருந்து கொடுத்து, பொத்தானை அமுக்கிவிட்டு, துணி துவைத்துக் காயப்போட மொட்டைமாடிக்குப் போனார்.

இரண்டு மணிக்கு இறங்கி வந்தால், குழந்தையின் உதட்டருகே மகள் கையில் மருந்து.

“யம்மா! குடுக்காத! நான் அப்பவே குடுத்துட்டேன்.”

அவள் கை அப்படியே நின்றது. “ஆப்ல காணுமேப்பா?”

“அமுக்கினேனே…”

சொல்லும்போதே அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இந்தத் தடித்த விரல் வேறெதையாவது அமுக்கியிருக்குமோ? இனி குழந்தையை நம்பித் தருவார்களா? “என் தப்பாதாம்மா இருக்கும்.”

“இருப்பா, பாக்கறேன்.” கார்குழலி மடிக்கணினியைத் திறந்தாள். பிறகு படித்தாள்: “மருந்து. பன்னெண்டு நாலு. குடுத்தது அப்பா. உள்ளதான் இருக்கு. நீ சரியாத்தான் அமுக்கியிருக்க.”

“அப்ப ஏன் தெரியல?”

“ஒவ்வொண்ணும் ஒரு டப்பா மாதிரிப்பா. மேல பேரு. உள்ள, பாலுன்னா எவ்ளோ, மருந்துன்னா எத்தினி மணிக்கு, யாரு குடுத்தா. ஸ்விட்ச்னு ஒண்ணு எழுதுவோம். அது பேரப் பாத்து, தொறந்து, உள்ள இருக்கறத எடுத்து பட்டியல்ல போடும். மொதல்ல பாலுக்கும் தூக்கத்துக்கும்தான் எழுதினேன். கடைசில, ‘மத்ததெல்லாம் வந்தா சும்மா இரு’ன்னு ஒரு வரி. மருந்த முந்தாநேத்துதான் சேத்தேன். அதத் தொறக்கச் சொல்லி எழுதல. அதுவும் சும்மா இருந்துடுச்சு.”

“ஏம்மா அப்படி ஒரு வரி?”

“ஒரு கைல புள்ள, ஒரு கைல டைப்பு. அந்த வரி இல்லன்னா, எழுதாத டப்பாவுக்கெல்லாம் ‘இத வுட்டுட்ட’ன்னு கம்ப்யூட்டர் திட்டும், ஓடவே வுடாது. திட்டுக்கு பயந்து வாய அடச்சி வெச்சேன்.” கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “தப்பு என்னுதுப்பா. உன்னுதில்ல.”

இதையெல்லாம் இராமதாஸிடம் சொல்லி முடிப்பதற்குள் இரண்டு படகு கிளம்பிப் போய்விட்டது.

“சரி, அந்த வரி இன்னாச்சு?”

“அந்த மாதிரி எங்கெங்க எழுதியிருந்தாளோ, எல்லாத்தையும் எடுத்துட்டா.”

இன்று காலை அவர் வேலைக்குக் கிளம்பும்போது, குழந்தைக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. கார்குழலி அதைத் தோளில் போட்டுத் தட்டியபடி, கணினித் திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“மருந்த வுட்ட எட்டு எடத்துலயும் திட்டுதுப்பா,” என்றாள். “இப்பதான் எனக்கு நிம்மதியா இருக்கு.”