பேச்சு ஓயாத மேசை

“நீ உண்மையிலேயே புத்தகத்தை வாசித்துவிட்டுத்தான் வருகிறாயா?” என்று என் விரிவுரையாளர் கேட்டார். அவர் குரலில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. அந்த இரக்கத்தை இன்னும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

லண்டனில் நான் சேர்ந்தது ஒரு சிறிய கலைக் கல்லூரி. வரலாறு, தத்துவம், இலக்கியம் எதுவானாலும் ஒரே மேசையைச் சுற்றியிருந்து விவாதித்துத்தான் படிக்க வேண்டும். அங்கே யாரும் கை உயர்த்துவதில்லை. ஒருவர் முடிக்கும் முன்பே அடுத்தவர் புகுந்துவிடுவார். நானோ இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பள்ளியில் படித்தவள். அம்மாவும் அப்பாவும் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்ததே என்னைச் சேர்க்கத்தான். ஆசிரியர் பெயர் சொல்லி அழைத்தால் எழுந்து நின்று பேசுவோம். ஒருத்தி பேசும்போது மற்றவர்கள் வாய் திறக்கமாட்டோம். அதனால் இங்கேயும் பேச்சு ஓயட்டும் என்று காத்திருந்தேன். அது ஓயவே இல்லை. நான் வாயே திறக்காததால், கல்வித் தவணையின் பாதியில் விரிவுரையாளர் என்னைத் தனியே அழைத்துத்தான் அப்படிக் கேட்டார். மொழிப் பயிற்சி வகுப்புக்கு மாறுவது எனக்கு நல்லதாம். மாறினால் என் பட்டத்தில் வரலாறு இருக்காது. அதைப் படிக்கத்தான் கடல் கடந்து வந்திருந்தேன்.

மனோர் பார்க்கில் நான் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரரான யாழ்ப்பாணத்து அன்ரியிடம் சொன்னேன். சோறு வடித்துக்கொண்டே சிரித்தார்.

“கையைக் காட்டாட்டி இஞ்ச பஸ்ஸே நிக்காது பிள்ளை. நீ மகாராணி மாதிரிக் குந்திக்கொண்டிருந்தா ஆர் கேக்கிறது?”

“குறுக்க பேசுறது மரியாதை இல்லையே அன்ரி.”

“ஓம், மரியாதையைப் பெட்டிக்குள்ள வை. வாயைக் கொண்டுபோ.”

அடுத்த வாரப் பாடம் தேயிலைத் தோட்டங்களைப் பற்றியது. “அந்தத் தொழிலாளர்கள் எதையும் எதிர்க்கவில்லை, அப்படியே ஏற்றுக்கொண்டார்கள்” என்று ஒரு மாணவன் காகிதக் கோப்பையைச் சுழற்றியபடி சொன்னான். அவன் அடுத்த வாக்கியத்தைத் தொடங்க நான் விடவில்லை. பழக்கத்தில் எழுந்தும் நின்றுவிட்டேன். யாரோ சிரித்தார்கள். “உட்கார்ந்தே பேசலாம்” என்றார் விரிவுரையாளர். “நிற்கிறேன்” என்றேன். அந்த வாரப் பாடப் புத்தகத்தின் அடிக்குறிப்பிலேயே இருந்த வேலைநிறுத்தச் செய்தியை வாசித்துக் காட்டினேன். பிறகு, பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுக்கவிடாமல் அம்மாவும் மற்றப் பெண்களும் கூடைகளோடு பாதையில் உட்கார்ந்த நாளைச் சொன்னேன். யாரும் குறுக்கிடவில்லை.

வகுப்பு முடிந்ததும் விரிவுரையாளர் என் தோளைத் தட்டினார். “இதையெல்லாம் இத்தனை நாள் எங்கே ஒளித்துவைத்திருந்தாய்?” என்றார். ஒளித்துவைத்தேனாம்! வாரந்தோறும் அவருக்கு நேர் எதிரேதான் இருந்தேன். ஒரு தடவை என் பெயரைச் சொல்லிக் கேட்டிருந்தால் போதும்.

வகுப்பு மாற்றப் பேச்சு அத்தோடு நின்றது. என் கோபம் நிற்கவில்லை. போன தவணை ஒரு வியட்நாம் பெண்ணை இதே மேசையிலிருந்து இதே இரக்கத்தோடு மொழிப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பியிருந்தது தெரியவந்தது. நூலகத்தில் அவளைத் தேடிப் பிடித்தேன். அவளும் முழுப் புத்தகத்தையும் வாசித்தவள்தான். அவளைத் திரும்பச் சேர்க்கக் கேட்டு இன்று காலை இருவரும் துறைத் தலைவரின் அறைக்குப் போனோம். அவள் மெதுவாக, யோசித்து யோசித்துப் பேசினாள். பாதியில் துறைத் தலைவர் “எனக்குப் புரிகிறது, ஆனால்…” என்று தொடங்கினார்.

“பொறுங்கள். அவள் இன்னும் முடிக்கவில்லை” என்றேன்.