எழுபத்திரண்டு படிக்கு இருபது

முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக இருந்தேன். இப்போது ஓய்வு பெற்றுக் குண்டசாலையில் இருக்கிறேன். கடைசி எட்டரை வருடம் கண்டிக்கு வெளியே, மலைப்பக்கத்துச் சின்ன ஆஸ்பத்திரி ஒன்றின் பிரஷர் கிளினிக்கில் வேலை. புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். பெருமைப்பட இதில் ஒன்றும் இல்லை.

1. முதல் நாள்

ரோட்டிலிருந்து கிளினிக்குக்கு எழுபத்திரண்டு படி. முதல் நாள் நானே மூச்சு வாங்கிக்கொண்டுதான் போய்ச் சேர்ந்தேன். எனக்கு முன் அங்கிருந்த தாதி, பொறுப்பை ஒப்படைக்கும்போது ஒரு வழக்கத்தைச் சொல்லிக்கொடுத்தார். படியேறி வருகிறவர்களுக்கு பிரஷர் கூடத்தான் காட்டும். அதனால் மேல் எண்ணில் இருபதைக் கழித்துத்தான் கிளினிக் புத்தகத்தில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் டொக்டர் எல்லாருக்கும் மருந்தைக் கூட்டிவிடுவார், சனங்கள் மலையில் மயங்கி விழுவார்கள் என்றார்.

எனக்கும் சரியாகத்தான் பட்டது. உடம்பு வேலை செய்தால் இதயம் வேகமாக அடிக்கும், பிரஷர் ஏறும்; படித்ததுதானே. அந்த இருபது எங்கிருந்து வந்தது என்று மட்டும் நான் கேட்கவில்லை. எட்டு வருடம் கேட்கவில்லை.

2. பிலோமினா

தெல்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். நாற்பத்தெட்டு வயது. மாதம் தவறாமல் வருவார், மாத்திரையையும் தவறவிட மாட்டார். தினமும் நடந்தால் நாளடைவில் பிரஷர் குறையும் என்று எல்லாருக்கும் சொல்லும் பாடத்தை அவருக்கும் சொன்னேன்.

"நாங்க நடக்காத நாளு எது மிஸி?" என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். இவ்வளவு நடக்கிற உடம்புக்கு என்ன வந்துவிடப்போகிறது என்று நினைத்தேன். அது என் முட்டாள்தனம்.

மூன்று மாதமாக மெஷின் நூற்று அறுபதைத் தாண்டிக் காட்டியது. நான் நூற்று நாற்பது சொச்சம் என்று எழுதினேன். டொக்டர் புத்தகத்தைப் பார்த்து அதே மருந்தைக் கொடுத்தார்.

நாலாவது மாதம் நூற்று எண்பத்தாறு. தலை இடிக்கிறது என்றார். என் பேனா பழக்கத்தில் நூற்று அறுபத்தாறு என்று எழுதிவிட்டது. பிலோமினாவுக்கு எண் வாசிக்கத் தெரியும். மெஷினையும் புத்தகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்.

"மிஸி, நான் இன்னிக்கி படியேறல. தோட்டத்து லொறியில வந்து பின்கேட்டுலதான் எறங்குனேன்."

வெளியே இன்னும் நாற்பது பேர் இருந்தார்கள். உப்பைக் குறைக்கச் சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டேன். எழுதியதைத் திருத்தவில்லை. டொக்டர் அரை மாத்திரை கூட்டி, அடுத்த மாதம் வரச் சொன்னார்.

ஒன்பதாம் நாள் மலையில் கூடையோடு விழுந்தார். கண்டிக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பியது. வலது கையும் காலும் பேச்சும் போய்விட்டன.

3. ஆரோக்கியசாமியின் கேள்வி

பிலோமினாவின் கணவர் ஆரோக்கியசாமி, புத்தகத்தை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். சண்டைக்கு வரவில்லை.

"ரொம்ப நாளாவே பிரஷர் கூடத்தான் இருந்திருக்கும்னு கண்டியில சொல்றாங்க. புத்தகத்துல அப்பிடி இல்லியே. அவ மாத்திரைய போடாம விட்டுட்டாளா மிஸி?"

அவர் மனைவியைச் சந்தேகப்பட்டதை என்னால் தாங்க முடியவில்லை. நான்தான் குறைத்து எழுதினேன் என்றும், படியேறி வருவதால் கழிப்பது இங்கே வழக்கம் என்றும் சொல்லிவிட்டேன். அவர் திரும்பி, வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தார்.

"படியேறி வந்து, நம்பர் துண்டு எடுத்துட்டு, இந்த வாங்குல ஒரு மணி நேரம் ஒக்காந்தப்பொறம்தானே மிஸி கூப்பிடுறீங்க?"

படியேறிய பிரஷர் உட்கார்ந்த பத்து நிமிடத்தில் இறங்கிவிடும். ஒரு மணி நேரத்துக்குக் குறைவாக அந்த வாங்குப் பலகையில் யாரும் காத்திருந்ததே இல்லை. எட்டு வருடம் நான் கழித்ததெல்லாம் அவர்களுடைய உண்மையான பிரஷர்.

அன்றே டொக்டரிடம் சொன்னேன். விசாரணை நடந்தது, எழுத்தில் எச்சரிக்கை கிடைத்தது. அடுத்த கிளினிக்கில் கழிக்காமல் எழுதியபோது, பாதிப் பேருக்கு மேல் மருந்து மாறியது. அதற்கு முன் வராமல் நின்றுபோனவர்களின் பெயர்களை நினைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பிள்ளைகளே, உட்காரவைத்துப் பாருங்கள். சந்தேகமிருந்தால் இன்னொரு தடவை பாருங்கள். மெஷின் காட்டுவதை மட்டும் எழுதுங்கள்.

நான் ஓய்வு பெறும்வரை பிலோமினா மாதாமாதம் வந்தார். தோட்டத்து லொறி எப்போதாவதுதான் கிடைக்கும்; மற்ற நாளில் ஆரோக்கியசாமி எழுபத்திரண்டு படியும் அவரைத் தூக்கிக்கொண்டு வருவார். பிலோமினா இடது கையை நீட்டுவார். மெஷினில் எண் வந்ததும் அதைப் பார்ப்பார். பிறகு, நான் எழுதி முடிக்கும்வரை என் பேனாவையே பார்த்துக்கொண்டிருப்பார்.